முள்வேலிக்குள் ஒரு மூச்சுக் கணக்கு

அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கிறது மான் தீவு. அதன் மேற்குக் கரையில் பீல் என்றொரு சிற்றூர். முதல் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டின் கடைசியில், அந்த ஊரை ஒட்டிய நாக்கலோ பண்ணை நிலத்தில் வரிசை வரிசையாக மரக்கொட்டகை போட்டு, சுற்றிலும் முள்கம்பி கட்டினார்கள். பிரிட்டனில் பிழைக்க வந்திருந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆண்களை ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்துவந்து உள்ளே அடைத்தார்கள். ஓட்டல் சிப்பந்தி, முடிதிருத்துபவர், கப்பல் பணியாளர் என்று எல்லாத் தொழில்காரர்களும் அதில் இருந்தார்கள். உச்சத்தில் 23,000 பேர். அவர்கள் செய்த குற்றம் பிறந்த நாடு மட்டும்தான். எப்போது வெளியே விடுவார்கள் என்று சொல்ல ஆளில்லை.

கொட்டகைக்குள் கூரை இருந்தது, சாப்பாடு வந்தது. ஆனாலும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கிப்போனார்கள். இப்படிப்பட்ட முகாம்களைச் சுற்றிப் பார்த்த சுவிட்சர்லாந்து மருத்துவர் அடால்ஃப் லூகாஸ் ஃபிஷர் 1918ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இந்தக் கோளாறுக்கு அவர் வைத்த பெயர் ‘முள்கம்பி நோய்’. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, எதிலும் மனம் நிலைக்காமல் போவது, தெரிந்த பெயர்கள் மறப்பது, தூக்கம் பிடிக்காதது. எப்போது முடியும் என்று தெரியாத காவலும், ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க விடாத கூட்டமும்தான் ஆளை இப்படி ஆக்குகின்றன என்றார் அவர்.

அந்த நாக்கலோ முகாமில் முப்பது வயதைத் தாண்டிய ஓர் உடற்பயிற்சிக்காரர் இருந்தார். பெயர் ஜோசப் பிலாட்டீஸ். இன்று சென்னையிலும் கோவையிலும் பிசியோதெரபி மையங்களின் பலகைகளிலும், இன்ஸ்டாகிராம் ரீல்களிலும் கண்ணில் படுகிற ‘பிலாட்டீஸ்’ இந்த மனிதரின் குடும்பப் பெயர்தான். முகாமுக்குள் என்ன நடந்தது என்பதை அவரைப் பேட்டி கண்ட ஓர் அமெரிக்க விளையாட்டு வார இதழ் 1962ல் எழுதியது. கைதிகள் எல்லாரும் சோர்ந்து சுருண்டு கிடந்தபோது, தீவின் எலும்பும் தோலுமான பூனைகள் மட்டும் ஏன் இவ்வளவு துறுதுறுவென்று இருக்கின்றன என்று அவர் யோசித்தாராம். பூனை எழுந்ததும் முதலில் முதுகை வளைத்து, கால்களை நீட்டி, நெளித்து, அப்புறம்தானே நடக்கிறது! அதிலிருந்து பயிற்சி பிறந்தது என்பது அவர் சொன்ன கதை.

ஜோசப் வாய்ச்சவடால்காரர். அவரிடம் பயின்ற கைதி ஒருவர்கூட 1918 விஷக்காய்ச்சலில் சாகவில்லை என்ற கதையும், ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஸ்பிரிங்குகளைக் கழற்றித்தான் முதல் கருவியைச் செய்தார் என்ற கதையும் பிலாட்டீஸ் வகுப்புகளில் இன்றும் சுற்றுகின்றன. கதையாகவே கேட்டுக்கொள்ளலாம். முக்கியமானது வேறு. உடம்பு தளர்ந்ததால் மனம் தளர்ந்ததா, மனம் தளர்ந்ததால் உடம்பு தளர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் சில ஆண்டுகளைக் கழித்தவர் உருவாக்கிய முறை இது. அதனால்தானோ என்னவோ, அவர் இதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. ‘கன்ட்ராலஜி’ என்றார். மனத்தின் பிடியில் உடம்பு இயங்கும் கலை என்று பொருள். 1945ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலும் இந்தச் சொல்தான். ‘பிலாட்டீஸ்’ என்பது மற்றவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர்.

பிறந்தது 1883ல், ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக் நகரில். சிறு வயதில் ஆஸ்துமா, எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ், மூட்டைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்று நோஞ்சானாகக் கிடந்த பையன், ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று விழுந்து விழுந்து பழகித் தேறினார். இழுக்கிற பிள்ளைக்கு மூச்சின் அருமை தெரியும். மூச்சை முழுக்க வெளியே விடு, ஈரத்துணியைப் பிழிவதுபோல் நுரையீரலைப் பிழி என்று ஆயுள் முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இங்கே வேர் இருக்கிறது. அதே மனிதர் வாயில் சுருட்டோடு இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அப்படி என்னதான் செய்கிறார்கள்? புத்தகத்தில் இருக்கும் பாய்ப் பயிற்சிகள் 34. முதல் பயிற்சியின் பெயரே ‘நூறு’. அதை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். கால்கள் இரண்டையும் ஒட்டியபடி தரையிலிருந்து தூக்க வேண்டும். புதியவர்கள் முழங்காலை மடித்து, நாற்காலியில் கால் போட்டதுபோல் வைத்துக்கொள்ளலாம். தலையும் தோளும் மேலே எழ வேண்டும். பார்வை தொப்புளை நோக்கி. கைகள் உடம்பின் இரு பக்கமும் நீட்டியபடி, தண்ணீரைத் தட்டுவதுபோல் மேலும் கீழுமாகச் சின்னதாக அடிக்க வேண்டும். ஐந்து அடிக்கு மூச்சு உள்ளே, ஐந்து அடிக்கு வெளியே. இப்படிப் பத்துச் சுற்று. ஆக மொத்தம் நூறு.

படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். முப்பதைத் தாண்டும்போது அடிவயிறு நடுங்கத் தொடங்கும். கை வேகமெடுக்கும், மூச்சு பின்தங்கும். மூச்சைச் சரிசெய்தால் கால் இறங்கும். காலைத் தூக்கினால் இடுப்பு பாயிலிருந்து எழும்பி முதுகு வில்லாகும். அதைக் கவனித்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். நாற்பத்தைந்தா, ஐம்பதா? பயிற்றுநர் பக்கத்தில் நின்று, “தாடையை இறுக்காதீங்க, கழுத்தால தூக்காதீங்க, விலா எலும்பை உள்ளே இறக்குங்க” என்பார். தாடையை இறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவர் சொன்ன பிறகுதான் தெரியும். பல பேர் பகல் முழுக்க அப்படித்தான் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்றரை நிமிடம்கூட ஆகாத இந்த வேலைக்குள் வீட்டுக்கடனைப் பற்றியோ, காலையில் மேலாளர் கேட்ட கேள்வியைப் பற்றியோ நினைக்க இடமில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து மனத்தை அடக்கு என்றால் பத்தாவது நொடியில் மனம் கடைவீதிக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது வேறு வழி. மனத்துக்குக் கை நிறைய வேலை கொடுத்து உடம்போடு கட்டிப்போடுகிறது. டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே சீரியல் பார்க்கலாம்; இதைச் செய்துகொண்டே பார்க்க முடியாது.

யோகா மாதிரிதானே என்று கேட்பவர்கள் நிறைய. ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவதுதான்: பாய், மூச்சு, முதுகுத்தண்டு. ஆனால் யோகாவில் பல ஆசனங்களில் நின்று நிலைக்கிறோம். பிலாட்டீஸில் பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஓர் அசைவு அடுத்ததில் போய்ச் சேர்கிறது. எண்ணிக்கையும் குறைவு, ஒரே அசைவை ஐம்பது முறை இழுப்பதைவிட ஐந்து முறை பிசகில்லாமல் செய்தால் போதும் என்பது அதன் வழக்கம். பிறகு, கருவிகள். ரிஃபார்மர் என்பது கட்டில் போன்ற சட்டம். அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் ஒரு பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். ஜிம்மில் எடை தூக்கும்போது தூக்குவதில்தான் கவனம். கீழே வைக்கும்போது ‘டங்’ என்று போட்டுவிடுவோம். ஸ்பிரிங் அப்படி விடாது. தள்ளும்போது எவ்வளவு பிடி வேண்டுமோ, திரும்பி வரும்போதும் அவ்வளவு பிடி வேண்டும். விட்டால் பலகை ‘படார்’ என்று வந்து இடிக்கும். அறையில் இருக்கும் எல்லாருக்கும் யாருடைய கவனம் சிதறியது என்று கேட்டுவிடும்.

இந்த முறை உலகத்துக்குப் போன கதை நியூயார்க்கில் நடந்தது. போருக்குப் பின் ஜெர்மனி திரும்பிய ஜோசப், 1926ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க்கில் எட்டாம் அவென்யூ 939ஆம் எண் கட்டடத்தில் அவரும் அவருடைய துணைவி கிளாராவும் பயிற்சிக்கூடம் நடத்தினார்கள். நடனக்காரர்களுக்கு அது ஒரு பட்டறை மாதிரி. பாலே உலகின் பெரும்புள்ளி ஜார்ஜ் பாலன்சின், அடிபட்ட தன் மாணவர்களை அங்கே அனுப்பினார். ஜோசப் அதட்டுகிற ஆள், நீச்சல் கால்சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர். கிளாரா நேர் எதிர். வலியோடு வருபவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அசைவைச் சின்னதாக்கி, மெல்லச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்று அங்கே பயின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய மருத்துவம் சார்ந்த பிலாட்டீஸ் ஜோசப்பைவிடக் கிளாராவுக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

அங்கே உதவியாளராக இருந்த ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக் கலைஞருக்கு 1950களில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்தக் காலத்து அறுவை சிகிச்சை மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும், அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுத்துவிடும். பிறகு கையைத் தோளுக்கு மேல் தூக்குவதே பாடு. கையால் பேசுகிற ஒரு நடனக்காரிக்கு அது என்ன மாதிரி இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. ஜோசப்பிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இல்லாத தசையின் வேலையை முதுகும் விலாப்பக்கமும் எடுத்துக்கொள்ளும்படி மெல்ல மெல்லப் பழகினார். கை மேலே எழுந்தது. அதை ஜோசப் படம்பிடித்தும் வைத்தார். ஈவ் அதன் பிறகும் பல்லாண்டுகள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், 1994ல்தான் காலமானார். ஒருவரின் அனுபவத்தை எல்லாருக்கும் மருந்தாகச் சொல்ல முடியாது. ஆனால் உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்த ஒருவர், அதே உடம்போடு மறுபடி பேசக் கற்றுக்கொள்வதில் மனத்துக்கும் ஒரு மருந்து இருக்கிறது என்று அவர் கதையைப் படிப்பவருக்குத் தோன்றாமல் போகாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலில் முதுகு. நம் வயிற்றைச் சுற்றி, வேட்டிக்குமேல் கட்டும் பெல்ட்டைப்போல், ஆழத்தில் ஒரு தசை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996ல் ஒன்றைக் கவனித்தார்கள். நாம் கையைத் தூக்கும்போது, கைத்தசை அசைவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே இந்த வயிற்றுத் தசை இறுகி முதுகுத்தண்டுக்குக் காவலாக நின்றுவிடுகிறது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் அது தாமதமாக இறுகியது. இந்த ஆய்வுக்குப் பின் பிசியோதெரபி உலகம் நடு உடம்பைக் குறிக்கும் ‘கோர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. அடிவயிற்றையே ஆற்றல் மையம் என்று சொல்லிவந்த பிலாட்டீஸுக்கும் புதுமவுசு வந்தது.

மவுசு வேறு, நிரூபணம் வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015ல் பிலாட்டீஸையும் கீழ்முதுகு வலியையும் பற்றிய 10 சோதனைகளை, மொத்தம் 510 பேரின் விவரங்களை, அலசியது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டீஸ் செய்தவர்களுக்கு வலி குறைந்தது, நடமாட்டமும் தேறியது. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உயர்ந்தது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அதாவது, நடைப்பயிற்சியோ வேறு பயிற்சியோ செய்து நன்றாக இருப்பவர், ஏதோ பெரிதாகத் தவறவிட்டதாக நினைத்துக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

மனத்தைப் பற்றியது இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களை ஒரு செமஸ்டர் முழுக்கக் கவனித்து 2010ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிலர் பிலாட்டீஸ் வகுப்பில் சேர்ந்தார்கள். சிலர் சீனத்து தாய்-சி வகுப்பில். வேறு சிலர் ஜைரோகினிசிஸ் என்ற இன்னோர் அசைவுப் பயிற்சி வகுப்பில். இந்த வகுப்புகளில் சேர்ந்தவர்களிடம் மொத்தத்தில் விழிப்புணர்வு அளவு கூடியது. தன் உடம்பிலும் மனத்திலும் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் பழக்கத்தைத்தான் இங்கே விழிப்புணர்வு என்கிறார்கள். அது கூடியவர்களுக்கு மனநிலை தேறியது, மனஅழுத்தம் குறைந்தது, அதன் வழியாகத் தூக்கமும் சீரானது. ஃபிஷர் முகாமில் பார்த்த பட்டியலைத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது! அயர்லாந்து ஆய்வாளர்கள் 2018ல் செய்த தொகுப்பாய்விலும் பதற்றம், மனச்சோர்வு, களைப்பு ஆகிய மூன்றும் பிலாட்டீஸ் செய்தவர்களிடம் குறைந்ததாகத் தெரிந்தது. சோதனைகள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவு என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் மூச்சில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. விடும் மூச்சை நீட்டி மெதுவாக்கினால், உடம்பை ஆசுவாசப்படுத்தும் நரம்பு மண்டலத்துக்குக் கை ஓங்குகிறது. இன்னொரு விளக்கம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2016ல் வந்தது. பயத்திலும் பதற்றத்திலும் அட்ரினலின் சுரக்கும் சுரப்பிக்கு மூளையின் எந்தெந்தப் பகுதியிலிருந்து கம்பி போகிறது என்று பீட்டர் ஸ்டிரிக் குழுவினர் குரங்குகளிடம் தடம் பார்த்தார்கள். நரம்பு விட்டு நரம்பு தாவும் ஒரு வைரஸை வைத்துத்தான் இந்தத் துப்பறிதல். சிந்திக்கும் பகுதி, உணர்ச்சிப் பகுதி ஆகியவற்றோடு, அசைவை இயக்கும் பகுதியிலிருந்தும் பலமான இணைப்பு இருந்தது. அதிலும் குறிப்பாக நடு உடம்பின் தசைகளை இயக்கும் இடங்களிலிருந்து. நிமிர்ந்து உட்கார்ந்தால் தைரியம் வரும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு மூளைக்குள் ஒரு கம்பிவடம் இருக்கக்கூடும். குரங்கில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்துமா, பயிற்சியால் அந்த இணைப்பு மாறுமா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

உடம்பு இளைக்கும் என்று சேர்பவர்கள் ஏமாறுவார்கள். அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் 2005ல் அளந்தபோது, தொடக்கநிலைப் பாய் வகுப்பு ஒன்றில் 50 நிமிடத்துக்குச் செலவானது சுமார் 175 கலோரி. திரும்பும் வழியில் ஒரு மசால் தோசை சாப்பிட்டால் கணக்கு பாக்கியில் நிற்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது இதயம் வேகமெடுக்கும் நடை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கும் இது மாற்று அல்ல.

இன்னொரு எச்சரிக்கை, எலும்பு தேய்ந்தவர்களுக்கு. 34 பயிற்சிகளில் பல, முதுகை முன்னோக்கிச் சுருட்டுபவை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1984ல் வெளியான ஆய்வில், எலும்புத் தேய்மானம் இருந்த பெண்களில் முன்வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் புதிய நொறுங்கல் தெரிந்தது. பின்வளையும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காடுதான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் வகுப்பில் சேருமுன் எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிடுவது நல்லது. டிஸ்க் விலகியவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பாயில் படுக்க வேண்டும்.

யாரிடம் சேர்வது? இதில்தான் சிக்கல். ‘பிலாட்டீஸ்’ என்ற பெயருக்கு ஒருவர் வணிக உரிமை கோரிய வழக்கில், இது யோகா, கராத்தே போன்ற பொதுப்பெயர் என்று 2000ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று முதல் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்தவரும், பல நூறு மணி நேரம் பயின்றவரும் ஒரே பெயரில்தான் கடை போடுகிறார்கள். முதல் நாளே பழைய அடி, அறுவை சிகிச்சை, ரத்த அழுத்தம் பற்றி எதுவும் கேட்காமல் நேரே ‘நூறு’ போடச் சொல்பவரிடம் மறுநாள் போக வேண்டாம். கண்ணாடியைப் பார்த்துத் தானே செய்துகொண்டிருப்பவரைவிட, உங்கள் விலா எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மேல். பிலாட்டீஸ் மரபுகளுக்குள் சண்டையும் உண்டு. முதுகைப் பாயில் முழுக்க அழுத்து என்பது ஜோசப் சொன்னது. கீழ்முதுகில் இருக்கும் இயற்கையான சின்ன வளைவை விட்டுவிடு என்பது இன்று பல பிசியோதெரபிஸ்டுகள் சொல்வது. புதிதாக வருபவர் இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

கருவி வகுப்புகளின் கட்டணம் பலருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஜோசப்பின் வகுப்பு வழக்கமாக முடிந்த இடத்துக்குக் காசு வேண்டாம், ஒரு சுவர் போதும். எலும்பும் டிஸ்கும் நன்றாக இருப்பவர்கள் சாயங்காலம் கணினியை மூடியதும் செய்து பார்க்கலாம்.

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பாதங்கள் சுவரிலிருந்து ஓரடி முன்னால். முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். மூச்சை இழுத்து, விடும்போது தலையை மட்டும் முன்னே தொங்கவிடுங்கள். பிறகு பிடரி, தோள், நெஞ்சுக்குப் பின்பக்கம் என்று ஒவ்வோர் எலும்பாகச் சுவரிலிருந்து பிரித்துக்கொண்டே இறங்குங்கள். பழைய சுவரொட்டியை மேலிருந்து மெல்ல உரிப்பதுபோல. இடுப்பு சுவரிலேயே இருக்கும். கைகள் ஈரத்துணிபோல் தொங்கும். அப்படியே ஒரு மூச்சு இழுத்து, விட்டுக்கொண்டே கீழிருந்து மேலே ஒவ்வோர் எலும்பாகச் சுவரில் திரும்ப ஒட்டிக்கொண்டு வாருங்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்களுக்கு நடு முதுகில் ஓர் இடம் தனித்தனியாகப் பிரியாமல், நாலைந்து எலும்பும் ஒரே கட்டையாகப் பெயர்ந்து வரும். அந்த இடம் எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு தடவை, இன்னும் மெதுவாக.